கூட இருக்க ஒரு ஆள்

நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும் என்று நினைத்துக்கொண்டே தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். நினைத்து அரைமணி நேரம் ஆயிற்று. எழுந்தால் குபுக்கென்று ரத்தம் இறங்கும். உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அது சும்மா கிடக்கும், நீ அசையாதே, நானும் அசையமாட்டேன் என்கிற மாதிரி. எழுந்த மாத்திரத்தில் பேச்சு மாறிப்போகும். நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் சாக்கை நாலாய் மடித்துப் போட்டு அதன் மேல் பழைய துண்டை விரித்திருந்தாள். டூட்டி மாற்ற வரும் முருகையா என்னத்துக்கு இது என்று கேட்டதற்கு, வயர் குத்துது அண்ணாச்சி என்று சொல்லிவைத்தாள். அவர் மறுநாளே வீட்டிலிருந்து ஒரு சின்னத் தலையணை கொண்டுவந்து போட்டுவிட்டார். நல்ல மனுஷன். அதையும் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, வந்ததும் முதல் வேலையாகத் தலையணையை எடுத்து அலமாரிக்கு மேலே வைப்பாள், போகும்போது மறக்காமல் திரும்ப நாற்காலியில் போட்டுவிட்டுப் போவாள். நாலு மாசமாக இந்தத் தலையணை விளையாட்டு நடக்கிறது. ஒருநாள்கூட அவருக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும். எட்டாம் நம்பர் ரயில்வே கேட்டு என்பது ஒரு அறை, ஒரு போன், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம் அந்தப் பக்கம் ஒரு கம்பம், மிச்சமெல்லாம் உடைமரம். கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு வீடு கிடையாது. ரயிலில் போகிற ஆயிரம் பேர் அவளைப் பார்ப்பார்கள், கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று பார்ப்பார்கள், பார்த்து முடிப்பதற்குள் போய்விடுவார்கள்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் போன் பண்ணியிருந்தாள். வியாழக்கிழமை ஒரு இடம் காலியாயிருக்கு, வாரீங்களா வரலையான்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லிருங்க, இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம், பிறகு தை தாண்டித்தான் என்றாள். சொல்லி முடித்துவிட்டு, சாதாரணமாக, உப்பு போட மறந்துட்டேன் என்கிற மாதிரி, கூட இருக்க ஒரு ஆள் பேரும் சொல்லணும் என்றாள். வைத்துவிட்டாள். டாக்டரம்மா போன மாசமே எல்லாம் சொல்லியாயிற்று. ஒரு தாளில் பேரிக்காய் மாதிரி ஒரு படம் போட்டாள், அதற்குள்ளே பெரிதும் சிறிதுமாய் நாலு வட்டம் போட்டாள், இதுதான் உங்க கட்டி, கெட்ட கட்டி இல்ல, பயப்படாதீங்க என்றாள். மாத்திரை குடுத்துப் பார்த்தாச்சு, உள்ள ஒரு சாதனம் வச்சுப் பார்த்தாச்சு, அது நழுவி வந்துட்டு. இனிமே தானா நிக்கிற வயசு வரைக்கும் அப்பப்ப ரத்தம் ஏத்திக்கிட்டு ஓட்டலாம், இல்லைன்னா கர்ப்பப்பையை எடுத்துரலாம். ரத்தம் ஏழுதான் இருக்கு உங்களுக்கு. ஆனா எடுத்தே ஆகணும்னு நான் சொல்லல, நீங்க முடிவு பண்ணுங்க என்றாள். நீங்க முடிவு பண்ணுங்க என்று இந்த நாற்பத்தி நாலு வயசு வரைக்கும் யாரும் அவளிடம் சொன்னதில்லை. கல்யாணத்தை அப்பா முடிவு பண்ணினார். வேலையைப் புருஷன் வேல்மயில் முடிவு பண்ணினார், அதுவும் செத்துப்போய். அவர் தண்டவாளம் பார்க்கிற கீமேனாக இருந்தார், மஞ்சள்காமாலையில் போனார், அவருக்குப் பதிலாக இவளைக் கூப்பிட்டு இந்தக் கேட்டைக் கொடுத்தார்கள். இப்போது ஒரு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தபோது, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. யோசிச்சுச் சொல்லுதேன் என்று படத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டுமென்றால் பஸ்ஸிலேயே எறிந்திருக்கலாம். வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

போன் அடித்தது. "எட்டு, ரெண்டு அம்பது பாசஞ்சர். சாத்திட்டு நம்பர் சொல்லுங்க." ஸ்டேஷன் மாஸ்டர் அவளை எட்டு என்றுதான் கூப்பிடுவார். ஏழு வருஷமாகக் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. அவருக்குச் சளி பிடித்தால் இவளுக்குத் தெரியும், டீ குடித்துக்கொண்டே பேசினால் தெரியும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் அதுவும் தெரியும். எழுந்தாள். நினைத்த மாதிரியே இறங்கிற்று, தொடை வரைக்கும் சூடாக. கருநீலச் சேலை, காட்டாது. அதற்கு மேலே மஞ்சள் சட்டை. வெளியே வந்து சக்கரக் கைப்பிடியைச் சுற்றினாள்; சுற்றச் சுற்ற ரெண்டு கம்பமும் தலை தாழ்ந்து வந்தது. பூட்டினாள். உள்ளே வந்து, வரிசையில்லாமல் அச்சடித்த நம்பர் தாளில் அடுத்து எந்த நம்பர் இருக்கிறது என்று பார்த்தாள், "முப்பத்தி ஒம்பது சார்" என்றாள், கோடு அடித்தாள். அந்த நம்பருக்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டைச் சாத்திப் பூட்டியாச்சு, வண்டியை விடலாம். இவள் வாயிலிருந்து அது வராமல் அங்கே ரயில் நகராது. முதலில் பூட்டு, பிறகுதான் நம்பர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான், மிச்சமெல்லாம் தானாகப் படித்துக்கொண்டது.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் மொபெட் வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டி. செபஸ்தியம்மாள். கடற்கரையிலிருந்து மத்தியான மீனை எடுத்துக்கொண்டு உள்ளூர்களுக்குப் போகிறவள், அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, எத்தனை நேரமானாலும் வண்டியை அணைக்காமல் நிற்பாள். இந்த ஐந்து நிமிஷம்தான் தங்கபுஷ்பத்துக்கு அந்த நாளின் பேச்சு. கேட்டு சாத்தியிருந்தால் செபஸ்தியம்மாள் உண்டு. திறந்திருந்தால் ஒரு ஹாரன் சத்தம், ஒரு மீன் வாடை, அவ்வளவுதான்.

"ஏளா புஷ்பம், நான் வாரதைப் பாத்துத்தான் சாத்துவியா? ஐஸ் உருகினா நீ குடுப்பியா காசு?"

"மாஸ்டர்கிட்ட கேளுங்கக்கா."

"அவன் யாருளா, என் மாப்பிள்ளையா." கம்பத்துக்கு மேலாக இவளை உற்றுப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் வெளிறிக் கிடக்கு? அவிச்ச முட்டை மாதிரி இருக்கே."

"தூக்கமில்லக்கா."

"தூக்கமில்லையாம். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு பாத்துக்க, நாப்பத்தெட்டு வயசுல. கொட்டு கொட்டுன்னு கொட்டும். சந்தையில எந்திரிச்சா உக்காந்த எடம் தெரியும். எங்க வீட்டு மனுஷன் பேய் புடிச்சிருக்குன்னு என்னைக் கோயில்ல கொண்டு போய் பத்து நாள் போட்டாரு. பேயாவது ஒண்ணாவது. பையை எடுத்துப் போட்டேன், போச்சு. மூணாம் மாசம் பெட்டி தூக்கினேன்."

தங்கபுஷ்பம் தண்டவாளத்தைப் பார்த்தாள். "எடுத்த பிறகு எப்படிக்கா இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? ஒரு மாசம் இருமினா வயித்தைப் புடிச்சுக்கிட்டு இருமணும். அப்புறம் ஒண்ணுமில்ல. உடம்பு கொஞ்சம் ஊதிச்சு, அது எடுத்ததுனாலயா தின்னதுனாலயான்னு தெரியாது." சிரித்தாள். "என்னத்துக்குக் கேக்கே?"

சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஹாரன் கேட்டது, கொடியை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நிற்கவேண்டியதாயிற்று. "சும்மாதான்" என்றாள் போகிறபோக்கில். வண்டி வந்தது, தரை அதிர்ந்தது, அதிர்வு உள்ளங்காலில் ஏறி அடிவயிற்றில் போய் நின்றது. கடைசிப் பெட்டி போய், பூட்டைத் திறந்து, கம்பம் எழும்புவதற்குள் செபஸ்தியம்மாள் தலையைக் குனிந்து அடியில் புகுந்து போயேவிட்டாள். ஐஸ் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டிருந்தது. அதுவும் காய்ந்தது.

பின்னால் முப்பது தப்படி தூரத்தில் கக்கூஸ். போய் மாற்றிவிட்டு வரலாம். போனால் போன் அடிக்கும், போகாவிட்டால் அடிக்காது, அது ஒரு வழக்கம். ஓடிப்போய் மாற்றினாள், துணியை ரெண்டு பட்டையாக வைத்தாள், ஈரல் துண்டு மாதிரி ஒன்று விழுந்ததைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினாள். வந்து உட்கார்ந்தாள். இனி நாலு இருபது வண்டி வரைக்கும் ஒன்றுமில்லை. தானாக நிற்கிற வயசு என்றால் எத்தனை, ஐம்பதா, அம்மாவுக்கு ஐம்பத்திரண்டில் நின்றது, அப்படியென்றால் இன்னும் எட்டு வருஷம், எட்டுப் பன்னிரண்டு தொண்ணூத்தாறு, தொண்ணூத்தாறு தடவை, இல்லை, இப்போதெல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவை. கணக்கை விட்டுவிட்டாள். ஏற்றின ரத்தம் யாருடையது என்று யோசித்தாள். போன வருஷம் ரெண்டு பாட்டில் ஏற்றினார்கள். முகம் தெரியாத எவனோ கொடுத்தது, அதையும் உடம்பு பத்து நாளில் கொட்டித் தீர்த்தது. எடுத்துவிட்டால் நின்றுபோகும். எடுத்துவிட்டால். வச்சிருந்து என்ன பண்ணப் போறே, காலிப் பானைதானே. அது மைனி சொன்னது. அண்ணன் பெண்டாட்டி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், இவள் ஒரு பேச்சுக்கு, டாக்டர் இப்படிச் சொல்லுதாங்க மைனி என்று சொன்னபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஆதரவாகச் சொன்னாள், தட்டிக்கொடுக்கிற குரலில். அன்றையிலிருந்து அது காதில் தங்கிவிட்டது. பாத்திரம் கழுவும்போது வரும். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது வரும். இப்போது சிஸ்டரிடம் ஆள் பேர் சொல்லவேண்டும் என்றால் மைனி பேரைத்தான் சொல்லவேண்டும், வேறு சொந்தமில்லை, மைனி வருவாள், கட்டாயம் வருவாள், தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வருவாள், பக்கத்துக் கட்டில் பொம்பளைக்கு ஒன்றுவிடாமல் சொல்லுவாள், புருஷன் இல்ல, பிள்ளையில்ல, பாவம், வச்சிருந்து என்ன பண்ணப் போறா. மயக்கம் தெளியாமல் கிடக்கும்போது காதில் விழுகிற முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

காலி இல்லை அது. எப்போதும் காலியாகவே இருந்தது என்று யார் சொன்னது. இருபத்தேழு வயசில் ஐந்து மாசம் ஒரு உயிர் அதற்குள்ளே இருந்தது. நாலரை மாசத்தில் ஒரு தடவை அசைந்தது, தண்ணீரில் மீன் வாலை அடித்தால் எப்படி இருக்கும் அப்படி. ராத்திரி இல்லை, பட்டப்பகல், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கிளிப்பு வாயில் இருந்தது. கிளிப்பை எடுக்காமலே சிரித்தாள். அப்புறம் பதினைந்து நாளில் வலி வந்து, ஆஸ்பத்திரியில் என்னென்னவோ ஆகி, கண் விழித்தபோது வயிறு சப்பென்று இருந்தது. வேல்மயில்தான் துண்டில் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். ஆணா பெண்ணா என்று இவள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்கலாம் நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒருநாள் கேட்டேவிடுவது என்று தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே, ஏங்க, என்றாள். அவர், ம், என்றார். சட்னிக்குத் தேங்காய் இல்லையே என்று சொல்லிவிட்டாள். எங்கே புதைத்தார் என்றும் தெரியாது. தண்டவாளம் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கிற மனுஷன், அதில் எந்த மைல் கல்லோ. அவர் போனபோது அந்தச் சேதியும் அவரோடு போய்விட்டது. இப்போது அதைத் தெரிந்தது உலகத்தில் மிச்சமிருப்பது அந்தப் பை ஒன்றுதான். வாய் இல்லை, சொல்லாது, ஆனால் அதற்குத் தெரியும், அது ஐந்து மாசம் வைத்திருந்தது. அதை வெட்டி எடுத்து ஒரு தட்டில் வைப்பார்கள். பிறகு எங்கே போடுவார்கள். டாக்டரம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது. கேட்டால் இன்னொரு படம் போடுவாள். இது பைத்தியக்காரத்தனம் என்று தங்கபுஷ்பத்துக்கே தெரிகிறது, சதை, கட்டி பிடித்த சதை, அது எதையும் ஞாபகம் வைத்திருக்காது. ஆனால் தெரிகிறது என்பதனால் விட்டுப்போகிறதா. அவள் அடிவயிற்றில் கையை வைத்தாள். கல் மாதிரி இருந்தது. நாலு வட்டத்தில் எது இது, பெரியதா. வேல்மயில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், ம் என்றிருப்பார். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அதுதான் வேண்டியிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்க ஒரு ஆள். பேர் கூப்பிட்டால் இங்கே இருக்கேன் என்று எழுந்து வருகிற ஆள். கத்திக்குப் பயமில்லை, மயக்க மருந்துக்குக்கூட அவ்வளவு பயமில்லை. தங்கபுஷ்பத்தோட ஆள் யாரு என்று சிஸ்டர் வெளியே வந்து கேட்டு, வராந்தாவில் ஒருவரும் எழுந்திருக்காமல் இருந்தால், சிஸ்டர் இன்னொரு தடவை கேட்டால். அதற்கு எட்டு வருஷம் கொட்டினாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆமாம், வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். பேரீச்சம்பழம் தின்னலாம், முருங்கைக்கீரை தின்னலாம். முடிவு பண்ணியாயிற்று என்று நினைத்ததும் உடம்பு லேசாயிற்று, கண் முன்னால் வெயில் கொஞ்சம் வெள்ளையாயிற்று, உடைமரத்தில் ஒரு காக்கா, அது ரெண்டு காக்காவாயிற்று, காது கொய்யென்றது.

போன் அடித்தது. "எட்டு, நாலு இருபது எக்ஸ்பிரஸ். சீக்கிரம், லேட்டா வந்திருக்கு." "ஐம்பத்தி ரெண்டு சார்" என்றாள். அவர் வைத்துவிட்டார். தாளில் கோடு அடித்தாள், ரிஜிஸ்டரில் மணி எழுதினாள், கையெழுத்து அவளுடையதுதான், கோணாமல் நேராக இருந்தது. பேனாவை மூடினாள். ரோட்டில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. சத்தம் நிற்காமல் வந்தது. சாத்தின கேட்டுக்கு வருகிற டிராக்டர் நிற்குமே, இது ஏன் நிற்கவில்லை என்று நிதானமாக ஒரு யோசனை வந்தது, வேறு யாருடைய யோசனையோ மாதிரி. நிமிர்ந்து பார்த்தாள். ரெண்டு கம்பமும் வானத்தைப் பார்த்து நின்றது. டிராக்டர் தண்டவாளத்தின் மேல் இருந்தது, பின்னால் தொட்டியில் களையெடுத்துவிட்டு வரும் பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருத்தி தலையில் துண்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

எப்படி எழுந்தாள், எப்படிச் சக்கரத்துக்குப் போனாள் என்று தெரியாது. டிராக்டர் தாண்டிப்போயிற்று. சுற்றினாள், கை வழுக்கிற்று, மறுபடி சுற்றினாள், பூட்டினாள், கொடியை எடுத்துக்கொண்டு நின்றாள். ஸ்டேஷனில் இருந்து இங்கே வர ஆறு நிமிஷம் ஆகும். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது, அவ்வளவு நேரம் இருந்தது, ரத்தம் காலோடு வழிந்து செருப்புக்குள் போயிற்று, துடைக்கவில்லை. எக்ஸ்பிரஸ் வந்து போயிற்று. டிரைவர் கையைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. டிராக்டர்க்காரனுக்குத் தெரியாது, அந்தப் பொம்பளைகளுக்குத் தெரியாது, வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைப்பார்கள். ரிஜிஸ்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. தண்டவாளம் கொஞ்ச நேரம் முனங்கிவிட்டு அடங்கிற்று. தங்கபுஷ்பம் உள்ளே போய்ப் போனை எடுத்துச் சுற்றினாள்.

"சொல்லுங்க எட்டு."

"சார், நம்பர் சொல்லும்போது கேட்டு சாத்தல."

அந்தப் பக்கம் பேனா மேசையில் விழுகிற சத்தம். "என்னம்மா சொல்லுதீங்க?"

"சாத்திட்டேன்னு நெனச்சு சொல்லிட்டேன். டிராக்டர் ஒண்ணு போச்சு. அதுக்குப் பிறகு சாத்தினேன். வண்டி போயிருச்சு சார், ஒண்ணும் ஆகல. கண்ணு இருட்டிருச்சு. எனக்கு ரத்தப்போக்கு இருக்கு சார், ரொம்ப நாளா. கர்ப்பப்பையில கட்டி." ஒரு ஆம்பளையிடம் இந்தச் சொல்லைச் சொல்லுவோம் என்று அவள் நினைத்ததில்லை. சொன்ன பிறகு சொல்லாகத்தான் இருந்தது.

அவர் பேனாவைத் திரும்ப எடுக்கிற சத்தம் கேட்டது. "எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகணும்மா, அது உங்களுக்கே தெரியும்" என்றார். கோபமில்லை. "முருகையாவைச் சீக்கிரம் வரச் சொல்லுதேன். ஆறு வரைக்கும் வேற வண்டி இல்ல. உக்காந்திருங்க. தண்ணி இருக்கா அங்க?"

"இருக்கு சார்."

"குடிங்க."

தண்ணீர் குடித்தாள். மணி நாலு ஐம்பது. இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று ஆகியிருந்தது. யோசிக்கிற இடத்தில் அந்தத் தொட்டியில் இருந்தவள் தலைத்துண்டைச் சரிபண்ணிக்கொண்டே இருந்தாள். கர்ப்பப்பைக்கு எல்லாம் தெரியும், சரி. தெரிந்துகொண்டு இருக்கட்டும், அதற்காகப் பன்னிரண்டு பேர் உயிரைக் கொண்டுபோக முடியாது. செல்போனை எடுத்தாள்.

"வியாழக்கிழமை வாரேன் சிஸ்டர்."

"சரிம்மா. புதன் சாயங்காலமே வந்து படுத்துரணும். கூட யாரு?"

"யாருமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். "செபஸ்தியம்மாள்" என்று வந்தது.

"என்ன உறவு?"

தங்கபுஷ்பம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கேட்டுல பழக்கம்."

சிஸ்டர் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. "அப்படியே எழுதவா?"

"எழுதுங்க."

எழுதியாயிற்று. வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாள் எந்தத் தெரு, வீட்டில் யார் யார், போன் நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. ஏழு வருஷத்தில் ஐந்து ஐந்து நிமிஷமாகப் பேசினது எல்லாம் சேர்த்தால் எத்தனை நாள் வரும். அவள் பாட்டுக்கு மீனை விற்றுவிட்டு ஐந்தரைக்குத் திரும்புவாள், கேட்டு திறந்திருக்கும், ஆறு வரைக்கும் வண்டி இல்லை, ஹாரனை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இல்லாத ரயிலுக்குச் சாத்தவும் கூடாது. போய் மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழுவிக்கொண்டு, மஞ்சள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். ரோட்டோரத்தில் நின்றாள். மைனியிடம் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாள், செபஸ்தியம்மாள் சொல்லலாம். ஏளா, எனக்கு வேற சோலி இல்லையான்னு கேக்கலாம். பிழைப்பை விட்டுவிட்டு நாலு நாள் வராந்தாவில் யார் உட்காருவார்கள். வெயில் உடைமரத்துக்குக் கீழே இறங்கிற்று. ஒரு பைக் போயிற்று, ஒரு வேன் போயிற்று. முருகையா இன்னும் வரவில்லை. வயிறு இழுத்தது. தூரத்தில் அந்த மொபெட்டின் சத்தம், அது தனிச் சத்தம், சைலன்சர் ஓட்டை. வளைவில் தெரிந்தாள், காலிப் பெட்டி தடதடவென்று ஆடிற்று, கேட்டு திறந்திருப்பதைப் பார்த்து வேகத்தைக் கூட்டினாள். தங்கபுஷ்பம் நடு ரோட்டுக்குப் போனாள். கையில் கொடி இல்லை. வெறுங்கையை நீட்டினாள்.

வண்டி அவளுக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. செபஸ்தியம்மாள் காலை ஊன்றிக்கொண்டு ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"என்னளா, வண்டி வருதா?"

"வண்டி இல்லக்கா" என்றாள் தங்கபுஷ்பம். "நான்தான் நிறுத்துனேன்."

செபஸ்தியம்மாள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.